பருத்தி வயலிலிருந்து பட்டணத்துக்கு: மின்சாரப் புளூஸ் இசை வளர்ந்த வரலாறு

நாட்டுப்பாடல் என்பது வயலிலும் வரப்பிலும் மாத்திரமே வாழக்கூடியது என்றும், பட்டணத்துக் காற்றுப் பட்டவுடன் அது வாடிவிடும் என்றும் எண்ணுவது அறிஞர் பலரிடையே நெடுங்காலமாக நிலவிவந்த ஒரு கொள்கையாகும். இயந்திரமும் மின்சாரமும் அதனோடு சேர்ந்துவிட்டால் அதன் தூய்மை கெட்டொழியும் என்று வருந்துவோரும் உளர். இக்கொள்கை எத்துணை உண்மையானது என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஏற்ற ஓர் உரைகல்லாக அமைந்திருப்பது, ஐக்கிய அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் வளர்த்த 'புளூஸ்' என்னும் இசையின் வரலாறு. தென்மாநிலங்களின் பருத்தி வயல்களிற் பாடப்பட்டு வந்த இவ்விசை, 1940 ஆம் ஆண்டுகளிலே வடக்கேயுள்ள சிக்காகோ நகரில் மின்சாரத்தைத் துணையாகக் கொண்டு புதியதோர் உருவம் பெற்றது. அவ்வுருவ மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது, ஏன் நிகழ்ந்தது, அதனால் யார் பயன் பெற்றனர் என்பன இங்கு ஆராயப்படும்.

மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கே, மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையிலே பரந்து கிடக்கும் வண்டல் நிலத்தை 'டெல்டா' என வழங்குவர். அமெரிக்காவின் மிகச் செழிப்பான பருத்தி நிலங்களுள் அதுவும் ஒன்று. அந்நிலத்தில் உழைத்தோரோ மிக வறியவராயிருந்தனர். 1865 ஆம் ஆண்டிலே அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும், கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாரக்குடிகளாகவே வாழ்ந்தனர். விதையும் உணவும் உடையும் பண்ணைக் கடையிலே கடனாகப் பெறப்பட்டன. அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்ப்பவர் பண்ணைக்காரர். அக்கணக்கிலே குடியானவனுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடன் ஒன்றே. 1890 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மிசிசிப்பி அரசியலமைப்பு, வரி விதித்தும் எழுத்தறிவுச் சோதனை நடத்தியும் அவர்தம் வாக்குரிமையைப் பறித்தது. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் பேச வாயில்லாத அம்மக்களுக்குப் பாட்டு ஒன்றே தம் நெஞ்சிலுள்ளதைக் கூறும் வாயிலாக இருந்தது.

புளூஸ் பாட்டின் அமைப்பு எளியது. முதலடியைப் பாடி, அதனையே மீண்டும் ஒரு முறை பாடி, மூன்றாமடியில் அதற்கொரு விடையிறுப்பது அதன் பொதுவான வழக்கு. ஒவ்வோரடியும் முடிந்தபின் சிறிது இடைவெளி விடப்படும். அவ்விடைவெளியிலே கிற்றார் என்னும் நரம்பு வாத்தியம் பாடகனுக்கு மறுமொழி கூறும். டெல்டாவின் கலைஞர் சிலர் உடைந்த போத்தலின் கழுத்தையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டிக்கொண்டு தந்தியின் மீது வழுக்கிச் செல்வர். அப்பொழுது எழும் ஓசை மனிதக் குரல் விம்முவது போன்றிருக்கும். கிராமத்துக் குடிசையிலே, சனிக்கிழமை இரவிலே, இருபது முப்பது பேர் கூடியிருந்து கேட்பதற்கு ஒரு குரலும் ஒரு கிற்றாருமே போதுமானவையாக இருந்தன.

இத்தகைய சூழலில் வளர்ந்தவர் மக்கின்லி மோகன்பீல்ட் என்பவர். 1913 ஆம் ஆண்டளவிற் பிறந்த இவர், இளமையிலேயே தாயை இழந்து, கிளாக்ஸ்டேல் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள ஸ்டோவல் பண்ணையிலே பாட்டியாரால் வளர்க்கப்பட்டார். சிறு பருவத்தில் எந்நேரமுஞ் சேற்றில் விளையாடியமையால் 'சேற்று நீர்' எனப் பொருள்படும் 'மடி வோட்டர்ஸ்' என்ற பட்டப்பெயர் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்ததும் அப்பெயராலேதான். பகலில் வயல் வேலையும் உழவு இயந்திரம் ஓட்டும் வேலையுஞ் செய்து, இரவில் தம் குடிசையிலேயே அயலவரைக் கூட்டிப் பாடுவது அவர் வழக்கம்.

1941 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூல்நிலையத்தைச் சேர்ந்த அலன் லோமக்ஸ் என்பவரும், பிஸ்க் பல்கலைக்கழகத்துக் கறுப்பினப் பேராசிரியரான ஜோன் வேர்க் என்பவரும் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்யும் கருவியோடு அப்பண்ணைக்கு வந்தனர். மடி வோட்டர்ஸ் பாடினார். பாடியதை உடனேயே திருப்பிக் கேட்டார். தம் குரலை முதன்முதல் வெளியே நின்று கேட்ட அக்கணத்திலேதான், தாமும் இசைத்தட்டிற் பாடத்தக்கவர் என்ற துணிவு தமக்குப் பிறந்தது என்று அவர் பின்னாளிற் கூறினார். நூல்நிலையத்திலிருந்து 20 டொலர்க் காசோலையும் தட்டின் இரு பிரதிகளும் அவருக்கு வந்து சேர்ந்தன. அறிஞருக்கு அப்பதிவு மறைந்து போகக்கூடிய ஒரு பழமையின் சான்று. பாடியவருக்கோ அது வருங்காலத்துக்கு ஒரு வழி.

இரண்டாண்டுகள் கழிந்தன. உழவு இயந்திரம் ஓட்டியதற்கு மணிக்கு இருபத்திரண்டரைச் சதம் பெற்றுவந்த அவர், 25 சதமாக உயர்த்தித் தருமாறு பண்ணை மேற்பார்வையாளரைக் கேட்டார். கேட்டது இரண்டரைச் சதம், கிடைத்தது வசைமொழி. 1943 ஆம் ஆண்டு மே மாதத்திலே, ஒரு பெட்டியையும் கிற்றாரையும் எடுத்துக்கொண்டு அவர் சிக்காகோவுக்குப் புகையிரதம் ஏறினார்.

அப்புகையிரதத்தில் அவர் தனியே செல்லவில்லை. 1916 ஆம் ஆண்டு தொடக்கம் 1970 ஆம் ஆண்டு வரையிலான காலப்பகுதியில் ஏறத்தாழ அறுபது இலட்சங் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களைவிட்டு வடக்கிலும் மேற்கிலுமுள்ள நகரங்களிற் குடியேறினர். இதனை 'மாபெரும் இடப்பெயர்வு' என வரலாற்றாசிரியர் அழைப்பர். மிசிசிப்பி மக்களுக்குச் சிக்காகோ இயல்பான புகலிடமாயிற்று. நியூ ஓர்லியன்ஸிலிருந்து மெம்பிஸ் வழியாக இலினோய் சென்றல் புகையிரதப் பாதை நேரே அங்குதான் சென்று முடிந்தது. 1905 ஆம் ஆண்டிலே ரொபேட் அபட் என்பவர் தொடங்கிய 'சிக்காகோ டிபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகை, புகையிரத ஊழியர் கைகளில் மறைந்து தெற்கே சென்று, வடக்கில் வேலையுண்டு, வாருங்கள் என்று அழைத்தது. 1910 ஆம் ஆண்டிலே சிக்காகோவில் 44,000 ஆக இருந்த கறுப்பின மக்கட்டொகை, 1940 இல் 2,78,000 ஆகவும், 1950 இல் 4,92,000 ஆகவும், 1960 இல் 8,13,000 ஆகவும் பெருகியது.

அழைத்தது வடக்கு, துரத்தியது தெற்கு. 1944 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2 ஆந் திகதி, கிளாக்ஸ்டேலை அடுத்த ஹொப்சன் பண்ணையிலே, பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டன. கைதேர்ந்த தொழிலாளி ஒருவன் ஒரு மணி நேரத்தில் 20 இறாத்தல் பருத்தி பறிப்பான். இயந்திரமோ 1,000 இறாத்தல் பறித்தது. அன்று அவ்வயலைச் சூழ்ந்து நின்றோர் கண்டது ஓர் இயந்திரத்தை மாத்திரமன்று. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றி ஐம்பது பேரின் கைகளை வேண்டாதவையாக்கிய ஒரு புதிய காலத்தையும் அவர்கள் கண்டனர். புளூஸ் இசையை வளர்த்த கிராம வாழ்வே கலைந்துவிட்டபோது, அவ்விசை கிராமத்திற் கலையாது நின்றிருத்தல் எங்ஙனம் இயலும்?

சிக்காகோவிலே இறைச்சித் தொழிற்சாலைகளிலும் உருக்காலைகளிலும் வேலை கிடைத்தது. கூலியும் தெற்கிலும் பார்க்க மிகுதி. ஆயின் குடியிருக்க இடங் கிடைத்தல் அரிதாயிற்று. கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை, வாடகைக்குங் கொடுப்பதில்லை என்று வெள்ளையினச் சொந்தக்காரர் தம்முள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள் நகரின் பெரும்பகுதியை மூடிவைத்திருந்தன. அத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றுதல் ஆகாது என ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 1948 ஆம் ஆண்டிலேதான் தீர்ப்பளித்தது. எனவே வந்தோர் யாவரும் நகரின் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் சில வீதிகளுள் நெருக்கப்பட்டனர். ஒரு வீடு பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. அவ்வீதிகளின் மூலைகளிலே தவறணைகள் பெருகின. வாரக்கூலி கையில் வந்த இரவுகளில் அங்கே கூட்டம் நிறைந்து வழிந்தது. கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும், பேச்சும், சிரிப்பும், வெளியே வாகனங்களின் இரைச்சலும் ஒன்று சேர்ந்தன. குடிசையில் முப்பது பேருக்குக் கேட்ட கிற்றாரின் ஒலி இங்கே முன்வரிசைக்குக்கூட எட்டவில்லை.

சிக்காகோவுக்குப் புளூஸ் புதியதன்று. பிக் பில் புறூன்சி, ரம்பா றெட் முதலிய கலைஞர் 1930 ஆம் ஆண்டுகளிலேயே அங்கு புகழ் பெற்றிருந்தனர். அவர்கள் பாட்டு நகரத்துக்கேற்ற மெருகும் மென்மையும் உடையது. புதிதாக வந்த மக்களோ டெல்டாவின் கரகரப்பான குரலைத் தேடினர். ஆனால் அக்குரல் நகரத்து இரைச்சலுக்கு மேலே எழவேண்டும் என்றும் விரும்பினர். இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றியது மின்சாரக் கிற்றார்.

அக்கருவியின் தத்துவம் 1831 ஆம் ஆண்டிலே மைக்கேல் பரடே கண்டறிந்த உண்மையைத் தழுவியது. காந்தமொன்றின் மேல் மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரஞ் சுற்றுகளாகச் சுற்றப்பட்டு, உருக்குத் தந்திகளின் கீழே வைக்கப்படுகிறது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுபடுகிறது. அம்மாறுபாட்டினால் கம்பிச் சுருளிலே நுண்ணிய மின்னோட்டம் ஒன்று பிறக்கிறது. வால்வுகளைக் கொண்ட பெட்டியொன்று அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. 1930 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே றிக்கன்பாக்கர் என்ற பெயரில் இத்தகைய கிற்றார் விற்பனைக்கு வந்தது. 1936 இல் கிப்சன் கம்பனியும் ஒன்றை வெளியிட்டது. சாலி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் 1939 இல் பெனி குட்மனின் ஜாஸ் குழுவிலே அதனை வாசித்து, பின்னணியில் நின்ற கிற்றாரை முன்னணிக்குக் கொண்டுவந்தார். டெக்சாஸ் மாநிலத்தவரான ரீ-போன் வோக்கர் அதனைப் புளூஸ் இசைக்கு உரியதாக்கி, 1940 ஆம் ஆண்டுகளிலே ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே ஒளிரச் செய்யும் ஒரு நயமான வாசிப்பு முறையை வகுத்தார்.

இங்கு ஓர் உண்மை கவனித்தற்குரியது. 1935 ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. டெல்டாவின் வாரக்குடிகளுக்கு மண்ணெண்ணெய் விளக்கே விளக்கு. ஆகவே சுவரிலுள்ள துளையொன்றிற் கம்பியைச் செருகி வாத்தியத்தை ஒலிக்கச் செய்தல் என்பது அம்மக்களுக்கு வெறும் வசதியன்று. தாம் நகரத்தவராகிவிட்டோம் என்பதன் அடையாளமுமாகும். சிக்காகோவின் மக்ஸ்வெல் வீதியிலே ஞாயிறுதோறுங் கூடிய திறந்தவெளிச் சந்தையில் இக்காட்சியைக் காணலாயிருந்தது. புதிதாக வந்த கலைஞர் அருகிலுள்ள கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ நீண்ட கம்பி மூலம் மின்சாரம் பெற்று, நடைபாதையில் நின்று வாசித்துக் காசு சேர்ப்பர். பின்னாளிற் புகழ் பெற்ற பலருக்கு அவ்வீதியே முதல் மேடை.

மடி வோட்டர்ஸ் நகருக்கு வந்ததும் கடதாசித் தொழிற்சாலையில் வேலை செய்தார். பின்னர் லொறி ஓட்டினார். இரவிலே தவறணைகளிற் பாடினார். தம் பாட்டு எவர் காதிலும் விழாமை கண்டு, வந்த ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் மின்சாரக் கிற்றாருக்கு மாறினார். மாற்றம் ஒலியின் அளவில் மாத்திரம் நிகழவில்லை. சாதாரணக் கிற்றாரிலே தட்டியவுடன் மறைந்துவிடும் சுரம், மின்சாரக் கிற்றாரிலே நீண்டு நின்றது. உலோகக் குழாயால் அதனை வழுக்கியபோது, பழைய விம்மல் பன்மடங்கு பெரிதாகி அறை முழுதும் நிறைந்தது. வால்வுப் பெட்டி தன் ஆற்றலுக்கு மேல் இயக்கப்படும்போது ஒலி சற்றுச் சிதைந்து கரகரக்கும். பொறியியலாளருக்குக் குறையாகத் தோன்றிய அக்கரகரப்பு, கலைஞருக்குத் தம் ஊர்க்குரலின் சாயலாகத் தோன்றியது.

அவரைச் சூழ்ந்து ஒரு குழு உருவாயிற்று. ஜிம்மி றொஜேர்ஸ் இரண்டாவது கிற்றாரையும், லிற்றில் வோல்டர் ஹார்மோனிக்கா என்னும் வாய் வாத்தியத்தையும், சில காலத்தின் பின் ஓட்டிஸ் ஸ்பான் பியானோவையும் வாசித்தனர். மேளமும் பெரிய பேஸ் வாத்தியமுஞ் சேர்ந்தன. லூசியானா மாநிலத்தவரான லிற்றில் வோல்டர் மலிவான ஒலிவாங்கியொன்றை ஹார்மோனிக்காவோடு சேர்த்து இரு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்து ஊதினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி அதனால் ஊதுகுழல் வாத்தியக் குழு ஒன்றின் கனத்தைப் பெற்றது. 1952 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பதிவு செய்த 'ஜூக்' என்னும் இசை, கறுப்பின மக்களின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலிலே எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. இன்று உலகெங்கும் இரு கிற்றார், பேஸ், மேளம் எனக் காணப்படும் இசைக்குழு அமைப்புக்குச் சிக்காகோத் தவறணைகளில் உருவான இவ்வமைப்பு ஒரு முன்மாதிரி எனலாம்.

இவ்விசை தட்டிற் பதியப்படுவதற்கும் காலம் ஒரு வழியைத் திறந்தது. இசைத்தட்டுகளால் தம் தொழில் அழிகிறது என்று அஞ்சிய அமெரிக்க இசைக் கலைஞர் தொழிற்சங்கம், 1942 ஓகஸ்ட் மாதத்தில் ஒலிப்பதிவுகளைப் பகிஷ்கரித்தது. பெருங் கம்பனிகளோடு அப்பிணக்கு 1944 நவம்பரிலேதான் முற்றாகத் தீர்ந்தது. அன்றியும், இசைத்தட்டுச் செய்வதற்கு வேண்டிய அரக்கு இந்தியாவிலிருந்தே பெரும்பாலும் வந்தது. போர்க்காலத்திலே அதன் பயன்பாட்டை அரசாங்கம் பெரிதுங் குறைத்தது. கிடைத்த சிறிதளவு அரக்கை அதிக வருவாய் தரும் வேறு இசைக்கே பெருங் கம்பனிகள் பயன்படுத்தின. போர் முடிந்தபோது கறுப்பின மக்களின் கையில் பணமிருந்தது. அவர் விரும்பிய தட்டுகள் கடையில் இல்லை. அவ்வெற்றிடத்தைச் சிறு கம்பனிகள் நிரப்பின.

அவற்றுள் தலையாயது லெனாட் செஸ், பில் செஸ் என்னுஞ் சகோதரர் நடத்திய கம்பனி. போலந்திலே யூதக் குடும்பத்திற் பிறந்து, 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் குடியேறிய இவர்கள், சிக்காகோவின் தென்பகுதியில் மதுவிடுதி நடத்தியவர்கள். அங்கு இராப்பொழுதிற் கேட்ட இசைக்குச் சந்தை உண்டு என உணர்ந்து 'அரிஸ்டோகிராட்' என்ற கம்பனியிற் பங்கு சேர்ந்தனர். 1950 இல் அது 'செஸ்' என்ற பெயர் பெற்றது. 1948 ஏப்ரிலிலே மடி வோட்டர்ஸ் தம் மின்சாரக் கிற்றாரும் ஒரு பேஸ் வாத்தியமும் மாத்திரம் துணையாக இரு பாடல்களைப் பாடினார். பாட்டின் சொற்களே தமக்கு விளங்கவில்லை என்று லெனாட் செஸ் ஐயுற்றார் என்பர். தட்டு வெளிவந்ததும், முதலில் அச்சிடப்பட்ட பிரதிகள் ஓரிரு நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. கடைக்காரர் விலையை உயர்த்தியதால், பாடியவரே தம் தட்டை அதிக விலை கொடுத்து வாங்க நேர்ந்தது என்று கூறுவர். அத்தட்டிலே ஒலித்தது பழைய டெல்டா இசையே. ஊரை விட்டு வந்தோர் தம் ஊரின் குரலை நகரத்தின் பலத்தோடு கேட்டனர். அதுவே அவ்வெற்றியின் இரகசியம்.

வானொலியின் பணியையும் இவ்விடத்தில் மறத்தலாகாது. 1941 நவம்பரில் ஆர்க்கன்சா மாநிலத்து ஹெலெனா நகரிலே மா விளம்பரமொன்றுக்காக 'கிங் பிஸ்கட் ரைம்' என்னும் நண்பகல் நிகழ்ச்சி தொடங்கியது. சன்னி போய் வில்லியம்சன் ஹார்மோனிக்காவும், ரொபேட் லொக்வூட் கிற்றாரும் வாசித்தனர். வயலில் வேலை செய்தோர் உணவு வேளையில் வானொலியைச் சூழ்ந்து அதனைக் கேட்டனர். மெம்பிஸ் நகரின் 'டபிள்யூ. டி. ஐ. ஏ.' நிலையம் 1948 இலிருந்து கறுப்பின அறிவிப்பாளரைக் கொண்டு கறுப்பின நேயருக்காகவே நிகழ்ச்சிகளை ஒலிபரப்பத் தொடங்கிற்று. அந்நிலையத்திலே மருந்து விளம்பரமொன்றுக்குப் பாடி, பின்னர் அறிவிப்பாளராகவும் விளங்கிய ஓர் இளைஞர், முன்னர் மிசிசிப்பியில் உழவு இயந்திரம் ஓட்டியவர். அங்கு அவருக்கு வழங்கிய 'புளூஸ் போய்' என்ற பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு, பி. பி. கிங் என்று அவர் உலகப் புகழ் பெற்றார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, விரலை நடுங்கச் செய்து, ஒரே சுரத்தில் நீண்டதொரு வாக்கியத்தின் பொருளைத் தருவது அவர் கைவண்ணம். 2015 ஆம் ஆண்டு மறைவதற்குச் சில மாதங்கள் முன்வரை அவர் மேடையை விட்டு நீங்கவில்லை.

1950 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியே இவ்விசையின் பொற்காலம். மெம்பிஸிலே 1951 இல் முதன்முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட செஸ்ரர் பேணட் என்பவர், 'ஹௌலின் வுல்வ்' என்ற பெயரோடு சிக்காகோவுக்கு வந்து, இடிமுழக்கம் போன்ற குரலால் மடி வோட்டர்ஸுக்குப் போட்டியாளராயினார். குத்துச்சண்டை வீரராயிருந்து பேஸ் வாத்தியக் கலைஞராகிய வில்லி டிக்சன் இருவருக்கும் பாடல் இயற்றிக் கொடுத்தார். 1954 ஆம் ஆண்டில் மடி வோட்டர்ஸுக்காக அவர் இயற்றிய 'ஹூச்சி கூச்சி மான்' என்னும் பாடல், பழைய ஏக்கத்துக்குப் பதிலாக நிமிர்ந்து நின்று தன் பெருமை பேசும் ஒரு மனிதனை முன்னிறுத்தியது. தெற்கிலே வளர்ந்த ஆண்மகன் எவ்வயதிலும் 'பையன்' என்றே வெள்ளையரால் விளிக்கப்பட்டவன். அவன் மேடையில் நின்று, தான் முழுமனிதன் என்று ஒலிபெருக்கி அதிரக் கூறியதன் பொருளை அக்காலத்துக் கேட்போர் நன்கு அறிந்திருந்தனர்.

பொற்காலம் நீண்டு நிலைக்கவில்லை. 1955 ஆம் ஆண்டிலே சக் பெரி என்னும் இளைஞர், மடி வோட்டர்ஸ் கூறிய வழியைப் பின்பற்றிச் செஸ் கம்பனிக்குச் சென்று, புளூஸ் அடித்தளத்தில் 'றொக் அன்ட் றோல்' இசையை எழுப்பினார். இளந்தலைமுறை அதன்பாற் சென்றது. நகரிற் பிறந்த கறுப்பின இளைஞருக்குப் புளூஸ் தம் பெற்றோரின் துயரத்தை நினைவூட்டும் பழம்பாட்டாகத் தோன்றலாயிற்று.

அவ்வேளையிலே எதிர்பாராத திசையிலிருந்து வரவேற்பு வந்தது. 1958 ஆம் ஆண்டு மடி வோட்டர்ஸ் இங்கிலாந்துக்குச் சென்றார். வயலிலிருந்து வந்த நாட்டுப்பாடகர் ஒருவரைக் காண எதிர்பார்த்திருந்த விமர்சகர் சிலர், மின்சாரக் கிற்றாரின் ஓசை கேட்டு முகஞ் சுளித்தனர். 1963 இல் அவர் மீண்டும் ஐரோப்பாவுக்குச் சென்றபோது, அவர்கள் விருப்பத்தை மதித்துச் சாதாரணக் கிற்றாரோடு சென்றார். அதற்குள் இங்கிலாந்தின் இளைஞர் மின்சார இசையிலே மோகங் கொண்டிருந்தனர். அவர்களுக்கு இது ஏமாற்றமாயிற்று! தூய்மை எது என்று வெளியார் வகுக்கும் இலக்கணம் ஐந்தாண்டுகளுக்குள் தலைகீழாகலாம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அவ்விளைஞருட் சிலர் மடி வோட்டர்ஸின் பாடலொன்றின் பெயரைத் தழுவி 'றோலிங் ஸ்டோன்ஸ்' எனத் தம் குழுவுக்குப் பெயரிட்டு, 1964 ஜூன் மாதத்திலே சிக்காகோவுக்கு வந்து செஸ் கம்பனியின் கூடத்திலேயே ஒலிப்பதிவு செய்தனர். சிக்காகோவின் தெருமுனை இசை கடல் கடந்து சென்று, வெள்ளையின இளைஞரின் குரலில் அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது.

திரும்பி வந்த செல்வம் யாருக்குச் சேர்ந்தது என்பது அடுத்த வினா. பல கலைஞர் ஒரு பாடலுக்குச் சிறு தொகை பெற்றுக்கொண்டு, விளங்காத ஒப்பந்தங்களிற் கையெழுத்திட்டவர்கள். பண்ணைக் கடையின் கணக்குப் புத்தகம் போலவே, இசைத்தட்டுக் கம்பனியின் கணக்குப் புத்தகமும் அவர் கண்ணுக்கு எட்டாததாயிருந்தது. 1970 ஆம் ஆண்டுகளிலே மடி வோட்டர்ஸும் வில்லி டிக்சனும், செஸ் சகோதரரோடு தொடர்புடைய பதிப்புரிமை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, இணக்கம் மூலம் சில உரிமைகளை மீட்டனர். லெட் செப்பலின் என்ற ஆங்கிலக் குழுவின் புகழ் பெற்ற பாடலொன்று தம் பாடலைத் தழுவியது என டிக்சன் தொடுத்த வழக்கு 1987 இல் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. அவர் அதனோடு அமையவில்லை. முதிய கலைஞர் தம் உரிமையைப் பெற உதவுதற் பொருட்டு 1980 ஆம் ஆண்டுகளிலே ஓர் அறநிலையத்தையும் நிறுவினார். செஸ் கம்பனி இயங்கிய, மிச்சிகன் அவெனியூ 2120 ஆம் இலக்கக் கட்டிடத்தை, அவர் 1992 இல் இறந்த பின்னர் அவர் மனைவியார் அவ்வறநிலையத்துக்காக வாங்கினார்.

மடி வோட்டர்ஸ் 1983 ஏப்ரில் 30 ஆந் திகதி காலமானார். மக்ஸ்வெல் வீதிச் சந்தை 1994 இல் பழைய இடத்தை விட்டு அகற்றப்பட்டது. அவ்வீதியில் நீண்ட கம்பியிழுத்து வாசித்தோர் இன்றில்லை. அவர் எழுப்பிய ஓசை உலகின் மூலைமுடுக்கெங்கும் கேட்கிறது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? மின்சாரம் நாட்டுப்பாடலைக் கொல்லவில்லை. தன் மண்ணை இழந்து இரைச்சலுக்குள் எறியப்பட்ட ஒரு பாட்டைக் கேட்கச் செய்தது. பாட்டின் தூய்மை அதனை இசைக்கும் கருவியில் இல்லை. அதனைத் தம் பாட்டு என்று அறிந்து கேட்கும் மக்களிடத்திலே இருக்கிறது. ஆயினும், ஒரு மக்களின் குரல் கேட்கப்படுதல் வேறு. அக்குரலின் பயன் அம்மக்களுக்கே சேர்தல் வேறு. முன்னதைக் கம்பியும் காந்தமும் வால்வும் தந்தன. பின்னதை அவை தரவில்லை. டெல்டாவின் வயலில் இரண்டரைச் சதம் மிகுதியாகக் கேட்டதுபோலவே, நீதிமன்றத்திலும் மனிதர் வாய் திறந்து கேட்டே அதனைப் பெறவேண்டியிருந்தது.